தண்ணீர் தேங்கும் கொல்லையில் மூங்கிலும் வல்லாரையும்: ஒரு நிகழ்வு ஆய்வு

வீட்டுத் தோட்டம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். 2021 ஜூனிலிருந்து 2024 ஜனவரி வரை நான் போய்வந்த ஒரு வீட்டுக் கொல்லையைப் பற்றிய பதிவு இது. வீட்டுக்காரர்கள் சம்மதித்துத்தான் எழுதுகிறேன். பெயரும் தெருவும் வேண்டாம் என்றார்கள். நடந்த தவறுகளில் பெரியது என்னுடையது என்பதால் அதை எழுத எனக்குத் தடை இருக்கவில்லை.

பின்னணி

சென்னையின் தென்புறம், பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு அதிக தூரமில்லாத ஒரு குடியிருப்பு. ஒரு கிரவுண்டு மனையில் 1998-ல் கட்டிய கிழக்குப் பார்த்த வீடு. கட்டும்போது வாசல் தெருவைவிட ஓரடி உயரத்தில் இருந்ததாம். அதற்குப் பிறகு தெருவுக்கு நாலைந்து முறை பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே தார் போட்டார்கள். இப்போது தெரு உயரம், மனை பள்ளம். மனைக்குள் விழுகிற தண்ணீர் தானாக வெளியே போக வழியில்லை. சென்னையில் இது புதுக்கதை இல்லை.

வீட்டில் இருப்பவர்கள் ஓய்வுபெற்ற கணவன் மனைவி இருவர் மட்டும், ஐயாவும் அம்மாவும். கொல்லை மேற்கே: நாற்பதடி நீளம், ஒன்பதடி அகலம், ஐந்தரை அடி காம்பவுண்டு சுவர். சுவருக்கு அந்தப்பக்கம் இருந்த ஓட்டு வீட்டை இடித்துவிட்டு, கீழே கார் நிறுத்தம், மேலே மூன்று மாடி என்று அடுக்குமாடி எழும்பியிருந்தது. அதன் சமையலறை ஜன்னல்கள் எல்லாம் இந்தக் கொல்லையைப் பார்த்தபடி. அம்மா பின்வாசல் படியில் உட்கார்ந்து கீரை ஆய்வதைப் பல வருடப் பழக்கமாக வைத்திருந்தவர். ஜன்னல்கள் வந்த பிறகு அந்தப் படியில் உட்காருவதையே விட்டுவிட்டார்.

கணவருக்கு மூங்கில் வேண்டும். மறைப்பும் கிடைக்கும், ஈரத்தையும் உறிஞ்சிவிடும் என்பது அவர் கணக்கு. மனைவிக்கு வல்லாரை வேண்டும். எப்போதும் சொதசொதவென்று கிடக்கிற தரையைப் பச்சையாக மூடினால் போதும், மூங்கில் நட்டால் நாள் முழுக்கச் சருகு கூட்டுவது யார் என்று கேட்டார். "பாம்பு வேற வந்து அடையும் தம்பி, இவர் கேக்க மாட்டேங்கிறார்" என்றார். இரண்டில் எது நல்லது என்று நான் தீர்ப்பு சொல்ல வேண்டும் என்றுதான் கூப்பிட்டிருந்தார்கள்.

முதல் முறை பார்த்தது

போன அன்றே தெரிந்த ஒன்று: இருவரும் ஒரே இடத்துக்காகச் சண்டை போடவில்லை. ஒருவருக்கு வேண்டியது பத்தடி உயரத்தில், மற்றவருக்கு வேண்டியது தரை மட்டத்தில். மூங்கிலையும் வல்லாரையையும் தராசில் வைத்து நிறுப்பதற்கு முன்னால் அந்த இடத்தை அளக்க வேண்டியிருந்தது.

உயரத்தை அளக்க ஒட்டடைக் கம்பு போதுமாக இருந்தது. அம்மாவைப் பழைய இடத்திலேயே படியில் உட்காரச் சொன்னேன். சுவரிலிருந்து இரண்டடி உள்ளே நின்று, மூன்று கம்புகளை ஒன்றோடொன்று கட்டி நிமிர்த்திப் பிடித்தேன். நுனி எந்த உயரத்தில் ஜன்னலின் மேல்விளிம்பைத் தொடுகிறது என்று அவர் சொல்ல, ஐயா டேப்பில் அளந்து குறித்துக்கொண்டார். முதல் மாடிக்குப் பத்தடி, இரண்டாம் மாடிக்குப் பதினாலரை, மூன்றாம் மாடிக்குப் பத்தொன்பது. ஐயா கேட்டிருந்தது மஞ்சள் மூங்கில். தரையில் நட்டு விட்டால் அது முப்பது நாற்பது அடி போகும், ஒரு கழியே கைப்பிடி பருமனுக்கு மேல் வரும். ஒன்பதடி அகலக் கொல்லைக்கு அது வேண்டாம் என்பதை இந்த மூன்று எண்களே சொல்லிவிட்டன.

ஈரத்தை அளப்பது அவ்வளவு சுலபமாக இல்லை. ஓரடி ஆழத்துக்குக் குழி தோண்டினோம். மேலே எட்டு அங்குலம் சவுடும் செங்கல் துண்டும், அதற்குக் கீழே சாம்பல் நிறக் களி. மண்வெட்டியில் வெட்டியெடுத்தால் வெட்டிய முகம் சோப்புக் கட்டிபோலப் பளபளத்தது. குழியில் ஒருமுறை தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு மறுபடி நிரப்பினேன். மறுநாள் அதே நேரத்துக்குப் போய்ப் பார்த்தபோது மூன்று விரல் அளவுதான் இறங்கியிருந்தது. ரசமட்டக் குழாயை வைத்துப் பார்த்ததில் கொல்லையின் வடக்கு மூலை தெற்கைவிட ஐந்து அங்குலம் தாழ்வு.

தண்ணீர் வரும் வழிகள் மூன்று. வாரத்துக்கு நாலு முறை ஓடும் வாஷிங் மெஷின், ஆர்.ஓ. கருவி கழித்துவிடும் தண்ணீர், மழை. முதல் இரண்டும் வருடம் முழுக்க வரும். மழை ஐப்பசி, கார்த்திகையில் மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போகும். அந்த மாதங்களில் தெருவில் யார் வீட்டிலும் இரண்டடி தோண்டினால் ஊற்று வந்துவிடும் என்று ஐயா சொன்னார். அதை நான் நோட்டில் எழுதியும் வைத்தேன். எழுதி வைத்ததோடு சரி.

வெயிலும் குறைவுதான். காலையில் இவர்கள் வீடு மறைக்கும், மதியம் இரண்டு மணிக்கெல்லாம் அடுக்குமாடி மறைத்துவிடும். நடுவில் மூன்று மணி நேரம்.

ஜூலை 2021: எடுத்த முடிவு

இரண்டையும் வைக்கலாம் என்று முடிவு செய்தோம். மூங்கிலில் வேலி மூங்கில். நர்சரிகளில் மல்டிப்ளெக்ஸ் என்று கேட்டால் கொடுப்பார்கள். கழி விரல் பருமன்தான், இலை பொடி, அடியிலிருந்தே கிளை விடும். தொடர்ந்து கவனித்தால் பன்னிரண்டு, பதினைந்து அடியில் வைத்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும்விட முக்கியம், இது தூர் கட்டி வளரும் வகை. கிழங்கு குட்டையாக, தாய்க்கழியை ஒட்டியே பக்கத்தில் முளை விடும். வருடத்துக்குச் சில அங்குலம் தூர் பெருக்கும், அவ்வளவுதான். குளிர்நாட்டு ஓடும் மூங்கில்கள்தான் கிழங்கை நீட்டிச் சுவருக்கு அடியில் புகுந்து அடுத்த மனையில் தலைநீட்டுபவை. பின்வீட்டுக்காரர் ஏதோ காணொளியில் அந்த வகையைப் பார்த்துவிட்டு, அஸ்திவாரம் போய்விடும் என்று பயந்து வந்தார். தூருக்கும் சுவருக்கும் இரண்டடி இடைவெளி, வருடம் ஒருமுறை சுற்றிலும் கடப்பாரை போட்டு வெளிமுளைகளை வெட்டுவது என்று ஒத்துக்கொண்ட பிறகு சமாதானமானார். மூங்கிலை வெட்ட வனத்துறை அனுமதி வாங்க வேண்டாமா என்றும் கேட்டார். காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை 2017-ல் வந்த வனச்சட்டத் திருத்தம் மரம் என்ற வரையறையிலிருந்து எடுத்துவிட்டது. வீட்டு மூங்கிலுக்கு அந்தக் கவலை வேண்டாம்.

மூன்றடிக்கு ஒன்றாக எட்டுக் கன்றுகள், வடக்கு மூலையிலிருந்து தெற்கு நோக்கி. இங்கேதான் நான் தவறினேன். மூங்கில் தண்ணீர் குடிக்கும் பயிர், ஈரமான இடத்தில் வைத்தால் உறிஞ்சி வற்றவைத்துவிடும் என்று ஐயாவைப் போலவே நானும் நம்பினேன். அதனால் கன்றுகளைத் தரை மட்டத்திலேயே, ஒன்றரை அடி குழியில் நட்டேன். வாஷிங் மெஷின் குழாயையும் வரிசையின் வடக்குக் கோடியில் கொண்டுபோய் விட்டேன். களிமண்ணில் தோண்டிய குழி ஒவ்வொன்றும் அடிப்பக்கம் அடைத்த ஒரு தொட்டி என்பது, முதல் நாள் சோதனைக் குழியைப் பார்த்த எனக்கே உறைக்கவில்லை.

படிக்கும் மூங்கிலுக்கும் நடுவில் இருந்த தரைக்கு வல்லாரை. அது ஓடுதண்டு விட்டுக் கணுவுக்குக் கணு வேர்பிடித்துப் பரவும், ஈரமும் அரை நிழலும் கேட்கும். இந்த இடத்துக்காகவே பிறந்தது மாதிரி. அதோடு அம்மா தன் பங்குக்கு ஒரு நர்சரியில் பத்துக் கவர் மஞ்சள் கரிசாலை, அதாவது மஞ்சள் கரிசலாங்கண்ணி, வாங்கி வந்திருந்தார், தலைக்கு எண்ணெய் காய்ச்ச. அதையும் ஓரமாக நட்டுவைத்தேன். உற்றுப் பார்க்கவில்லை.

மழைக்கு முன், மழையில்

ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் எல்லாமே நன்றாகப் போனது. எட்டுத் தூரிலும் முளை வந்தது. மூங்கில் முளை தரையைப் பிளந்து வரும்போதே அந்தக் கழியின் முழுப் பருமனோடு வரும். பிறகு ஒரே பருவத்தில் உயரம் முடிந்துவிடும். முளைகள் கன்றில் இருந்த கழிகளைவிடப் பருமனாக இருந்ததில் ஐயாவுக்கு ஏக சந்தோஷம், தினம் காலையில் டேப்போடு போய் நின்றார். வல்லாரை நாலு வாரத்தில் இரண்டு சாண் ஓடியது.

அந்த வருட நவம்பர் சென்னைக்காரர்களுக்கு நினைவிருக்கும். 6-ஆம் தேதி இரவு ஆரம்பித்த மழை. மாத முடிவில் நுங்கம்பாக்கம் வானிலை நிலையக் கணக்கில் ஆயிரம் மில்லிமீட்டரைத் தாண்டியிருந்தது. இந்தக் கொல்லையில் தண்ணீர் ஒன்பது நாள் நின்றது. வடக்கு மூலையில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே, தெற்கில் கணுக்கால் அளவு. மோட்டார் வைத்து இறைத்தால் தெருவில் போய் விழுந்து, வாசல் வழியாகவே திரும்பி வந்தது.

தண்ணீர் வடிந்து பத்து நாளில் வடக்குப் பக்க மூன்று தூர்களின் இலை வெளுத்தது. முதலில் நான் சத்துக் குறைவு என்று நினைத்து மண்புழு உரம் போடச் சொன்னேன். டிசம்பர் கடைசியில் புது முளைகளைத் தொட்டுப் பார்த்தேன். நுனி பழுப்பு, அழுத்தினால் வாழைத்தண்டு அழுகியதுபோல அமுங்கியது.

தோண்டிப் பார்த்ததில்

ஜனவரி 2022-ல் அந்த மூன்றையும் பிடுங்கினோம். பிடுங்க பலமே வேண்டியிருக்கவில்லை. கிழங்கின் மேல்தோல் கறுத்து, கையில் வழுக்கிக்கொண்டு வந்தது. சாக்கடை வாடை. குழியின் அடியில் நவம்பர் வெள்ளம் வடிந்து ஆறு வாரம் ஆன பிறகும் தண்ணீர் இருந்தது. தெற்குப் பக்கத்து ஐந்து தூர்கள் நன்றாக இருந்தன. நட்டவர் ஒருவர், கன்று ஒரே நர்சரி, உரம் ஒன்று. வித்தியாசம் அந்த ஐந்து அங்குலம்தான்.

மூங்கிலுக்குத் தண்ணீர் பிடிக்கும், உண்மை. ஆனால் ஓடுகிற, வடிகிற தண்ணீர். ஆற்றங்கரையில் செழிப்பாக நிற்கும் மூங்கிலைப் பார்க்கிறோம், அது நிற்பது கரைமேட்டில் என்பதைக் கவனிப்பதில்லை. கிழங்கும் வேரும் மேல்மண்ணில்தான் இருக்கும், அவற்றுக்கு மூச்சு வேண்டும். தண்ணீர் தேங்கிய களியில் காற்று இல்லை.

வல்லாரை நடந்துகொண்ட விதம் வேறு. தண்ணீருக்கு அடியில் போன இலைகள் எல்லாம் கூழாகிவிட்டன. பார்த்த அம்மா போய்விட்டது என்றே முடிவு கட்டினார். ஆனால் ஓடுதண்டின் கணுக்கள் உயிரோடு இருந்தன, மூன்றாவது வாரத்தில் விரல்நகம் அளவு இலைகள் வந்தன. மொத்தத்தில் பாதிக்கு மேல் பிழைத்தது.

மஞ்சள் பூ

வெள்ளத்தில் ஒரு இலைகூட இழக்காமல் இருந்தது அந்த மஞ்சள் கரிசாலைதான். இழக்காதது மட்டுமல்ல, பிப்ரவரியில் வல்லாரைமேல் ஏறி மூடி, மூங்கில் தூருக்குள்ளும் நுழைந்திருந்தது. அப்போதுதான் குனிந்து பார்த்தேன். இலையின் இரு விளிம்பிலும் பக்கத்துக்கு ஒன்றாகப் பல் நீட்டி, மூன்று மடலாகத் தெரிந்தது. இலை தடிப்பு, பளபளப்பு. நம் மஞ்சள் கரிசலாங்கண்ணியின் இலை நீளமாக, இப்படி மடல் பிரியாமல், தொட்டால் சொரசொரவென்று இருக்கும். இது வெடேலியா. வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்டு, உலகின் மோசமான நூறு அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்களின் பட்டியலில் இடம்பிடித்த செடி. பூ இரண்டுக்கும் மஞ்சள், இரண்டும் ஒரே பேரினம். நர்சரிகளில் ஒன்றின் பெயரில் மற்றொன்று போவது சகஜம், விற்கிறவருக்கே தெரியாமல்கூட இருக்கும். அம்மா அதிலிருந்து இரண்டு முறை எண்ணெய் காய்ச்சியிருந்தார். நிறுத்தச் சொன்னேன். நட்டவன் நான், அன்றே ஒரு இலையைத் திருப்பிப் பார்த்திருக்கலாம்.

தரையை மூட வேண்டும் என்பது மட்டுமே குறி என்றால் வெடேலியாவைப் போல வேலை செய்யும் செடி குறைவு. அதனால்தான் சாலை நடுத்தீவுகளில் எல்லாம் அதை நடுகிறார்கள். ஐயாவும் அப்படியே விட்டுவிடலாமே என்றார். விடாததற்குக் காரணம் இரண்டு. முதலாவது, அது வல்லாரைக்கு இடமே விடாது. இரண்டாவது, வெள்ளத்தில் ஒடிந்த ஒரு துண்டு மிதந்து போனால் போகிற இடத்தில் கணுவிலிருந்து வேர்விடும். வெள்ளத்தண்ணீர் கடைசியில் போய்ச் சேருவது சதுப்பு நிலம். இரண்டாவது காரணத்துக்கு ஐயா ஒன்றும் சொல்லவில்லை.

பிடுங்குவதற்கு இரண்டு ஆள், மூன்று தவணை. மார்ச், ஏப்ரல், ஜூன். பிடுங்கியதை உரக்குழியில் போடாமல் மொட்டைமாடியில் விரித்து, சருகாகி ஒடியும்வரை காயவைத்தோம். இதற்கான கூலி, கொல்லையில் நட்ட மொத்தச் செடிகளின் விலையைவிட அதிகம். மூங்கில் தூருக்குள் போன வேர்களை மட்டும் முழுதாக எடுக்க முடியவில்லை. 2023 வரை அங்கிருந்து ஒன்றிரண்டு தலைகாட்டிக்கொண்டிருந்தது.

2022 கோடை

ஏப்ரல் மாதம் இருவரும் மகள் வீட்டுக்குப் போய் ஐந்து வாரம் இருந்தார்கள். வாஷிங் மெஷின் ஓடவில்லை, ஆர்.ஓ. தண்ணீரும் இல்லை. திரும்பி வந்தபோது களிமண் பாளம் பாளமாக வெடித்திருந்தது. வல்லாரை சுருண்டு, சுவர் நிழல் விழும் ஒரு கீற்றில் மட்டும் பச்சை. நவம்பரில் மூழ்கி இறந்த இடத்திலேயே ஏப்ரலில் காய்ந்து இறந்தது. பிழைத்த மூங்கில்கள் ஐந்தும் இலையைச் சுருட்டிக்கொண்டு நின்றன, ஆனால் ஒன்றும் பட்டுப்போகவில்லை. எது தண்ணீர் விரும்பும் செடி, எது இல்லை என்று முதல் நாள் பேசியதெல்லாம் அன்று கொஞ்சம் அபத்தமாகத் தோன்றியது.

இன்னொன்றும் தெரிந்தது. குழாய் வாயைச் சுற்றி இரண்டடிக்கு மண்மேல் வெள்ளையாகப் பூத்திருந்தது. அங்கே வல்லாரை வெயிலுக்கு முன்பே இலைவிளிம்பு கருகித்தான் இருந்தது. சோப்புத்தூளில் இருக்கும் சோடா உப்பு களிமண்ணின் பொடித் துகள்களைப் பிரித்துவிடும், பிரிந்த துகள் துளைகளை அடைக்கும். தண்ணீர் இறங்காத மண்ணை இன்னும் இறங்காததாக ஆக்கும் வேலையை நான் போட்ட குழாயே பத்து மாதம் செய்திருக்கிறது. அதே குழியை மறுபடி நிரப்பிப் பார்த்தேன். ஒரு நாளில் இறங்கியது ஒன்றரை விரல்.

இரண்டாம் முறை நட்டது

ஜூன் கடைசியில் வேலையைப் புதிதாக ஆரம்பித்தோம். இந்த முறை கேட்டுக்கொண்ட கேள்வி, கார்த்திகையில் இந்த இடத்தில் எவ்வளவு நாள் தண்ணீர் நிற்கும், சித்திரையில் எவ்வளவு நாள் வராது என்பது. அதற்கேற்ப கொல்லையை மூன்று மட்டமாகப் பிரித்தோம்.

மூங்கிலுக்கு மேடு. சுவரிலிருந்து ஓரடி தள்ளி, மூன்றடி அகலம், பதினைந்து அங்குலம் உயரம். மண்ணைச் சுவரோடு சேர்த்து அணைத்தால் சுவர் ஊறும், கனமும் தாங்காது. அதனால் அந்த ஓரடி இடைவெளி. செம்மண்ணும் எம்-சாண்டும் தொழுவுரமும் கலந்து கொட்டி, இருபக்கமும் பழைய செங்கல்லை சிமெண்ட் பூசாமல் அடுக்கி நிறுத்தினோம், தண்ணீர் கசிந்து வெளியேறட்டும் என்று. ஐந்து தூர்களையும் கிழங்கோடு பெயர்த்து மேட்டில் வைத்தோம். இறந்தவற்றுக்குப் பதில் மூன்று புதுக்கன்று. பெயர்த்து நட்டதில் ஒரு வருட வளர்ச்சி போயிற்று என்று ஐயா வருத்தப்பட்டார். அது நியாயமான வருத்தம்.

நடுவில் பள்ளம். ஏற்கெனவே தாழ்ந்திருந்த வடக்குப் பாதியை இன்னும் நாலு அங்குலம் தாழ்த்தி, ஆழமில்லாத தாம்பாளம்போல ஆக்கினோம். தண்ணீர் வரத்தான் போகிறது, வருவது எங்கே நிற்க வேண்டும் என்பதையாவது நாம் சொல்லலாம். அதில் நீர்ப்பிரமி. வயல் வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் கிடக்கும் சதைப்பற்றான பொடியிலைச் செடி, வெளிர் ஊதாவில் சிறு பூ. சேற்றிலேயே இருக்கும், ஓரளவு உப்பையும் தாங்கும். வல்லாரையைத் தாம்பாளத்தின் விளிம்புச் சரிவில் மட்டும், நிழல் விழும் பக்கமாக வைத்தோம்.

கால் படுகிற படியோரத்துக்குப் பொடுதலை. ஈரத்திலும் வளரும், வறட்சியிலும் படுத்துக்கிடக்கும், மிதித்தாலும் பொறுக்கும். இதை முதலிலேயே யோசிக்காததற்கு ஒரே காரணம், அதை யாரும் நர்சரியில் வைத்து விற்பதில்லை. தெருமுனைக் காலி மனையிலிருந்து ஒரு கூடை பெயர்த்து வந்தேன்.

வாஷிங் மெஷின் தண்ணீரைச் சாக்கடை இணைப்புக்கே திருப்பினோம். அதற்குப் பதில் குளியலறைத் தண்ணீர், ஜல்லி நிரப்பிக் கல்வாழை நட்ட ஒரு சிறு தொட்டி வழியாகத் தாம்பாளத்துக்கு வரும்படி செய்தோம். அந்தக் குழாயில் ஒரு வால்வும் போட்டோம். மழைக்காலத்தில் அதை மூடினால் குளியல் தண்ணீரும் சாக்கடைக்குப் போய்விடும். சமையலுக்கு வேண்டிய வல்லாரையைத் தரையிலிருந்து பறிக்கக் கூடாது என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொன்னேன். வல்லாரை தான் நிற்கும் மண்ணிலும் தண்ணீரிலும் இருப்பதை இழுத்துக்கொள்ளும். துவையலுக்குத் தனியாக ஒரு தொட்டி, போர் தண்ணீர், மொட்டைமாடி நிழலில்.

அதன் பிறகு

2022 மழையில் தாம்பாளத்தில் தண்ணீர் அதிகபட்சம் நாலு நாள் நின்றது. கொசு முட்டை பொரிந்து பறக்க ஏறக்குறைய ஒரு வாரமாகும் என்பதால் அந்த நாலு நாள் எங்களுக்கு முக்கியமான எண். மழை நின்ற மூன்றாம் நாள் முடிவில் மீதமிருந்தால் மோட்டாரைப் போட்டு இறைத்துவிடுவது என்று ஐயா வைத்துக்கொண்டார். நீர்ப்பிரமி எட்டு மாதத்தில் தாம்பாளத்தை மூடியது. பொடுதலைப் பூவுக்கு வண்ணத்துப்பூச்சிகள் வந்தன. வல்லாரை சரிவில் தன் இடத்தைத் தானே சரிசெய்துகொண்டது: மழையில் மேலேறியது, கோடையில் கீழிறங்கியது. 2023 கோடையில் இருவரும் ஊருக்குப் போனபோது, பக்கத்து வீட்டுப் பெண் வாரம் இரண்டு நாள் வந்து குழாயைத் திறந்துவிட்டுப் போனார்.

மூங்கில் 2023 செப்டம்பரில் பதின்மூன்றடி. மேட்டின் உயரத்தையும் சேர்த்தால் பதினாலுக்கு மேல். முதல் மாடி முழுக்க மறைந்தது, இரண்டாம் மாடி ஏறக்குறைய மறைந்தது. மூன்றாம் மாடி தெரிகிறது. அந்த வீட்டில் யாரும் ஜன்னலைத் திறப்பதில்லை என்கிறார் அம்மா.

டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல். தெருத்தண்ணீர் உள்ளே வந்து கொல்லையில் பதினோரு அங்குலம் ஏறி நான்கு நாள் நின்றது. செங்கல்லில் படிந்த சேற்றுக்கோட்டை வைத்துதான் பதினோரு அங்குலம் என்கிறேன். மேட்டின் உச்சிக்கு நாலு அங்குலம் கீழே. வந்தது சாக்கடை கலந்த தண்ணீர். மூங்கில்கள் காற்றில் கிழக்கே சாய்ந்தன, கயிறு கட்டி நிமிர்த்தினோம். எட்டில் ஒன்றும் அழுகவில்லை. நீர்ப்பிரமி சேறு பூசிக்கொண்டு, மூன்று வாரத்தில் மேலே துளிர்த்தது. வல்லாரையை அடியோடு வெட்டியெறிந்துவிட்டுப் புதுத்துளிருக்குக் காத்திருந்தோம். பாம்பு ஒருமுறை வந்தது, அதே வெள்ளத்தில் நீந்தி. மூங்கிலுக்குள் போகவில்லை, கார் நிறுத்தத்துக்குப் போய்விட்டது.

சருகு விஷயத்தில் அம்மா சொன்னதே நடந்தது. மாசி, பங்குனியில் தினம் ஒரு கூடை. அதை மேட்டின்மேலேயே பரப்புகிறார்கள், மூங்கிலுக்கு அது நல்ல மூடாக்கு. நீர்ப்பிரமிமேல் விழுவதை மட்டும் கையால் பொறுக்க வேண்டியிருக்கிறது. கூட்டினால் செடி பெயர்ந்து வரும். பின்வீட்டுக் கார்களின்மேலும் விழுகிறது, அவர்கள் வருடத்தில் இரண்டு முறை சொல்லிக் காட்டுகிறார்கள்.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

முதல் குழியைத் தோண்டிய அன்றே மேடு போட்டிருக்க வேண்டும். மூன்று விரல் என்று அளந்துவிட்டு, களியில் ஒன்றரை அடி குழி தோண்டி மூங்கில் வைத்ததற்கு எந்தச் சமாதானமும் இல்லை. அளவு கையில் இருந்தது, நம்பிக்கை அதை மீறிவிட்டது. சோதனையை ஜூன் மாதத்தில் செய்ததும் ஒரு குறை. முடிந்தால் இம்மாதிரி இடங்களை இப்போதெல்லாம் கார்த்திகையில் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் நடுகிறேன். வீட்டுக்காரர்கள் காத்திருக்கத் தயாரில்லை என்றால், போன மழையில் எடுத்த கைபேசிப் படங்களைக் காட்டச் சொல்கிறேன். 2015 டிசம்பர் படம் சென்னையில் எல்லோரிடமும் இருக்கிறது.

சோப்புத் தண்ணீரைக் களிமண்ணில் விடும் திட்டத்தைக் கையிலெடுக்கவே மாட்டேன். மணல் மண்ணில் நிலைமை வேறாக இருக்கலாம், அங்கேயும் தூள் சோப்பு என்றால் யோசிப்பேன்.

வீட்டுக்காரர் வாங்கி வரும் கன்றாக இருந்தாலும் கவரைக் கிழிக்கும் முன் இலையையும் பூவையும் பார்ப்பது என் வேலை. அம்மா என்மேல் குறை சொல்லவில்லை, நர்சரிக்காரர்மேல்தான் சொன்னார். ஆனால் நான் நட்ட பிறகு அது என் கணக்கு.

இன்னும் தீராதது இரண்டு. மேட்டின் தெற்குக் கோடித் தூர் மற்றவற்றைவிட வேகமாகப் பெருத்து, சுவரை நோக்கி ஆறு அங்குலம் நகர்ந்திருக்கிறது. முளை விடும் பருவத்தில் கை வைக்கக் கூடாது என்பதால் மாசிக்காகக் காத்திருக்கிறோம். மூன்று வயது தாண்டிய கழிகளை அடியோடு எடுத்து, சுவர்ப்பக்கக் கிழங்கைக் கடப்பாரையால் பிளந்து எடுக்க வேண்டும். மற்றது, கழியை எந்த உயரத்தில் நுனி வெட்டுவது என்பது. ஐயாவுக்குப் பத்தொன்பது அடி வரை விட்டு மூன்றாம் மாடியையும் மறைக்க ஆசை. அம்மாவுக்குப் பதினாலு போதும், அதற்கு மேல் வளர்ந்தால் மதியம் கிடைக்கிற மூன்று மணி நேர வெயிலும் போய்விடும், நீர்ப்பிரமி வெளிறிவிடும் என்கிறார். அவர் சொல்வது சரி. இதை ஐயாவிடம் நான் இன்னும் சொல்லவில்லை. மாசியில் கழி வெட்டப் போகும்போது சொல்ல வேண்டும்.